செவ்வந்தி வயலில் உலகக் கோப்பை

பிரேசில் என்ற பெயருக்காக எங்கள் ஊரில் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. 2002-ஆம் வருஷம், ஜூன் மாதம். மேட்டூர் திறக்கவில்லை, குறுவை இல்லை. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், காவிரி வந்து ஓய்ந்துபோகிற கடைமடை எங்களுடையது. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி மிச்சம் விட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர். அந்த வருஷம் மேலே இருப்பவர்களுக்கே இல்லை. வேலையற்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் ஹபீப் முகம்மதுவின் டீக்கடையில் விழுந்து கிடந்தார்கள். கடையில் கேபிள் டி.வி. இருந்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து நமக்குப் பட்டப்பகலில் வந்தது. ஒரு டீ வாங்கிக்கொண்டு இரண்டு ஆட்டம் பார்ப்பார்கள். ஹபீப் பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல், "அடிடா, அடிடா, இன்னும் என்னடா பாக்குற" என்று செனகல் நாட்டுக்காரனுக்கு யோசனை சொல்லிக்கொண்டு அவரே எழுந்து நிற்பார்.

நான் சொல்ல வந்தது செவ்வந்தி அக்காவைப் பற்றி. அந்த உலகக் கோப்பையில் அவருடைய வயல் போயிற்று. 

அக்காவின் வயலும் என் வயலும் அடுத்தடுத்து. ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. மண் அவருடையதல்ல, மேலத்தெரு தியாகேசன் குடும்பத்துச் சொத்து. சாகுபடி உரிமை அக்காவுடையது. அந்த உரிமை சும்மா வரவில்லை. அவர் புருஷன் இராஜாங்கம் சங்கக் கொடியோடு வயலில் நின்று, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், கழக ஆட்சியில் சட்டம் வந்த பிறகு குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றினார். பதிவான குத்தகைக்காரரை உடைமைக்காரர் நினைத்தபோது எழுப்ப முடியாது. செத்தால் அந்த உரிமை வாரிசுக்குச் சேரும். தியாகேசனின் அப்பா தன் கடைசிக்காலம் வரை அந்த வயல் வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போவார். அவருக்கு அது வயலாகத் தெரியவில்லை, யாரோ தன் கன்னத்தில் அறைந்த இடமாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

இராஜாங்கம் போனபின் அக்கா தனி ஆள். ஒரே மகள் காளியம்மாளை வேதாரண்யத்தில் உப்பளக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார். அந்த ஐந்து மாவைத் தவிர அக்காவுக்கு வேறு எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஐந்து மாவை வைத்துக்கொண்டு அவர் நடக்கிற நடையைப் பார்க்கவேண்டும்! தையில் எல்லாருக்கும் முன்னால் குத்தகை நெல்லைக் கொண்டுபோய் மேலத்தெருவில் இறக்கிவிட்டு, நிமிர்ந்து நின்று ரசீது கேட்பார். தண்ணீர் வராத வருஷத்தில்கூடக் கோடை உழவு ஓட்டிவிடுவார். "நெலத்தத் தரிசா போட்டா மேலத்தெருக்காரனுக்கு வாய் வந்துரும்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்பார். அவர் என்றால் இராஜாங்கம். சாகுபடியை விட்டாலும், வயலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலும் பதிவு நிற்காது என்பது சட்டத்தில் இருந்த ஓட்டை. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, அந்த ஓட்டை மட்டும் நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்டால், கேட்டது தம்பி. அதுதான் பதில்.

தம்பி அரசப்பன். அம்மா செத்தபோது அவன் தவழ்கிற பிள்ளை. அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போவார், வரப்பில் படுக்கவைத்துவிட்டு இறங்குவார். வளர்ந்ததும் அவன் பந்துப் பைத்தியமானான். எங்கள் பக்கத்தில் கால்பந்து என்றால் முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும்தான். அங்கே நடக்கிற எழுவர் ஆட்டப் போட்டிகளுக்கு இவனைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். பந்து கிழிந்தால் கோணி ஊசியால் அக்கா தைத்துக் கொடுப்பார். ஆட்டத்தில் ஒரு விதிகூட அவருக்குப் புரியாது, ஆனாலும் ஓரத்தில் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்து கடைசி வரை பார்ப்பார். இருபத்தைந்து வயதில் அவனுக்கு முழங்கால் போயிற்று. அதற்கப்புறம் ஊதலை எடுத்துக்கொண்டு நடுவரானான். ஆட்டக்காரர்களிடம் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆளும் கறார். சொந்த மச்சான் தப்புச் செய்தாலும் வெளியே அனுப்பிவிடுவான். அரசப்பன் ஊதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே சொல்லும். நானும்தான் சொன்னேன்.

சரி, அந்த ஜூன் மாதத்துக்கு வருகிறேன். டீக்கடையில் பேச்சு கிளம்பியது. நாமும் ஒரு உலகக் கோப்பை நடத்தினால் என்ன? எட்டு அணி, அணிக்கு ஏழு பேர், ஒவ்வொரு அணிக்கும் ஒரு நாட்டின் பெயர். ஹபீப் பாய் சீட்டு எழுதிக் குலுக்கினார். பிரேசில் வடக்குத்தெருவுக்கு விழுந்தது. தெற்குத்தெருக்காரன் சீட்டில் கள்ளம் என்றான், விறகுக்கட்டை பறந்தது, மண்டை உடைந்த கதை அங்கேதான் வருகிறது. எங்கள் கீழத்தெருவுக்குச் செனகல். முதல் நாளே பிரான்சைத் தோற்கடித்த அணி என்பதால் எங்களுக்கு ரொம்பப் பெருமை. செனகல் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இடம் எங்கே? அரசப்பன் அக்காவின் வயலைச் சொன்னான். ரோட்டோரம், சமமான வயல், ஆட்கள் நின்று பார்க்க வசதி. நான் அன்றைக்கு அக்கா வீட்டு வாசலில்தான் இருந்தேன். அரசப்பன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, இந்த வருஷம் கோட ஒழவு வேண்டாம். உழுதா கட்டியா நிக்கும், ஆட முடியாது. ஒரு மாசம் வுட்டுக் குடு" என்றான்.

அக்கா உடனே சரி சொல்லவில்லை. "உழாம வுட்டா அவன் எதாச்சும் பேசுவான்டா. வயல்ல பந்தாடுனா சட்டத்துல எதுவும் வராதா?" என்று கேட்டார்.

"கோடையில வயல்ல ஆடாத ஊரு எதுக்கா? ஆட்டுக்கெட போடுறோம், நெல்லு காயப்போடுறோம், சடுகுடு ஆடுறோம். அதுக்கெல்லாம் எவனாச்சும் கேஸ் போட்டானா? தியாகேசன் அண்ணன்தான் கோப்பையே வாங்கித் தர்றாரு. வயலுக்காரரே சரின்னுட்டப்ப வேற யாரு கேக்கப்போறா?"

தியாகேசன் சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். அப்பா மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். கீழத்தெருவுக்கே வந்து டீ குடிப்பார், தோளில் கைபோட்டுப் பேசுவார். காலம் மாறிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

"நீ சொன்னா சரிடா. ஒனக்குத் தெரியாததா" என்றார் அக்கா.

அடுத்தது வரப்பு. அக்காவின் வயலுக்கு நடுவில் ஒரு வரப்பு ஓடியது. அதை எடுத்தால்தான் ஆடுகளத்துக்கு நீளம் வரும். சம்சாரிக்கு வரப்பை வெட்டுவது சாதாரண விஷயமல்ல. பொழுது விடிந்தால் மண்வெட்டியோடு போய் அதற்கு அண்டை வெட்டி, நண்டு வளையை அடைத்து, புல்லைச் செதுக்கிப் பார்த்துப் பார்த்து வளர்க்கிற வரப்பு. ஆள்கள் மண்வெட்டியோடு வந்து தயங்கி நின்றார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, முதல் வெட்டைத் தானே வெட்டினார். "ஆடி பொறந்ததும் திருப்பிப் போட்டுக் குடுத்துரணும்" என்று மட்டும் சொன்னார். வெடிப்புகளை மூட முத்துப்பேட்டைப் பக்கமிருந்து மணல் வந்து இறங்கியது. தியாகேசன் வண்டியில்தான் வந்தது. சவுக்குக் கம்பை நட்டு, மீன்வலையைக் கட்டி கோல் கம்பமாக்கினார்கள்.

எட்டு நாடுகளின் பெயர்களையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது, "நம்ம நாடு எங்கடா?" என்று கேட்டார். இந்தியா உலகக் கோப்பையில் இல்லை என்றார்கள். "அங்க இல்லாட்டி போவுது. எங் கொல்லையில ஆடுறப்பவும் இல்லன்னா எப்புடி?" என்று ஒரே பிடியாக நின்றார். அணி எதுவும் பெயரை மாற்றிக்கொள்ள ஒப்பவில்லை. கடைசியில் ஜெர்மனி என்று சீட்டு விழுந்தவர்கள் இந்தியாவாக மாறினார்கள். அவர்கள் முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கி வெளியேறினார்கள். அக்கா அவர்களுக்கு மோர் கொடுத்து, "வெயிலு" என்று காரணமும் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? சாயங்காலம் ஆனால் ரோட்டில் பஸ்கூட நின்றுவிட்டுப் போகும். தண்ணீர் இல்லாத கவலையை அந்த வயலில் வைத்துத்தான் மறந்தோம். தொடக்க நாளில் தியாகேசன் அக்காவைக் கூப்பிட்டு, "பந்த நீங்கதான் ஒதச்சு ஆரம்பிக்கணும்" என்றார். மேலத்தெருக்காரர் ஒருவர் அக்காவை 'நீங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தார். கடைசி நாளில் பிரேசில் ஜெயித்தது, அதாவது வடக்குத்தெரு. கோப்பையையும் அக்கா கையால்தான் கொடுக்கச் சொன்னார்கள். தியாகேசன் சிங்கப்பூர் கேமராவில் படம் எடுத்துத் தள்ளினார். அக்காவை எடுத்தார், கோல் கம்பத்தை எடுத்தார், மணலை எடுத்தார், வரப்பு இருந்த இடத்தை எடுத்தார். வரப்பு இருந்த இடத்தை எதற்கு எடுக்கிறார் என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் மூளை இல்லை.

ஆடி வந்தது. அக்கா வரப்பைப் போடச் சொன்னார். அரசப்பன், "ஆவணியில இன்னொரு போட்டி இருக்குக்கா, அத முடிச்சுட்டுப் போட்டுருவோம்" என்றான். ஆவணியில், "தண்ணிதான் வரலையே, என்ன அவசரம்" என்றான். சம்பாவும் அந்த வருஷம் போய்விட்டது. ஐப்பசியில் நாலு தூறல் விழுந்ததும் அக்கா யாரையும் கேட்காமல் தானே கம்பத்தைப் பிடுங்கி எறிந்தார். மணலை என்ன செய்ய முடியும்?

தையில் விளைச்சல் இல்லாவிட்டாலும் கைமாற்று வாங்கிக் குத்தகையைக் கொண்டுபோனார். தியாகேசன் வாங்கவில்லை. "அந்த எடம் இப்ப வெளையாட்டு மைதானம்தானேம்மா. மைதானத்துக்கு என்னத்துக்குக் குத்தக? கோர்ட்டுல பாத்துக்குவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். நோட்டீஸ் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தது. சாகுபடி நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார், வரப்பை அழித்தார், மணல் கொட்டி மண்ணைக் கெடுத்தார், ஆகையால் வெளியேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அக்கா பதறவில்லை. "அரசப்பன் நடத்துனதுதானே? அவன் வந்து ஒரு மாசத்துக்குத்தான் கேட்டேன்னு சொன்னா முடிஞ்சு போச்சு" என்றார். அரசப்பனும் வந்தான். "நான் பாத்துக்குறேன்க்கா, சாட்சி சொல்லாம எங்க போகப்போறேன்" என்றான்.

சாட்சி சொன்னான். வருவாய் நீதிமன்றத்தில் அன்றைக்கு நானும் இருந்தேன். அடுத்த வயல்காரன் என்று என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். ஒரு மாத விளையாட்டு என்று நான் சொன்னதை, அக்காவுக்கு வேண்டியவன் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிட்டார். அடுத்து அரசப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது எங்கள் வக்கீல் அல்ல, தியாகேசனின் வக்கீல். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. ஏதோ வரிசை மாறிவிட்டது என்று நினைத்தோம்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆட்டம் நடத்தப் போகும்போது நிற்பதுபோலவே விறைப்பாக நின்றான். மூன்று வருஷமாக அந்த இடத்தில் சாகுபடி இல்லை என்றான். மைதானமாகத்தான் இருக்கிறது என்றான். தன் அக்கா விவசாயத்தை விட்டுவிட்டார், போட்டி நடத்தச் சொன்னதும் வரப்பை வெட்டியதும் அவர்தான் என்றான். வக்கீல் படத்தை நீட்டிக் கேட்டார். "ஆமா, மொத வெட்டு அக்காதான் வெட்டுனாங்க" என்றான். அது ஒன்றுதான் அவன் சொன்னதில் உண்மை.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு ஏதோ பாஷையில் பேசுகிறான் என்பதுபோல. எங்கள் வக்கீல் எழுந்து குறுக்கே கேட்டார், மிரட்டிப் பார்த்தார். அவன் அசையவில்லை. நடுவராக நின்ற பழக்கம், எத்தனை பேர் கத்தினாலும் சொன்னதை மாற்றமாட்டான். சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஆட்டக்காரர்களில் ஒருவன்கூட வரவில்லை. எங்கள் செனகல் அணியிலிருந்தே வரவில்லை. தியாகேசன் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றார்கள். இவர்களுக்காகவா அக்கா மோர் ஆற்றினார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஹபீப் பாய் மட்டும் அவர்களுக்கு டீ இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் மரத்தடியில் அக்கா அவனை நிறுத்தினார். சத்தம் போடவில்லை.

"ஏன்டா?" என்றார்.

அவனுக்குத்தான் கோபம் வந்தது. "ஒனக்கப்புறம் அந்த வயலு யாருக்குப் போவும்? காளியம்மாளுக்கு. வேதாரண்யத்துக்காரன் வந்து உழுவான். நான் வரப்புல நின்னு வேடிக்க பாக்கணுமா? கால் போனவனுக்கு யாரு என்ன குடுத்தீங்க? தியாகேசன் அண்ணன் எனக்கு வாரத்துக்கு, பாதிக்குப் பாதி வெளைச்சலுக்கு வுடுறேன்னுருக்காரு" என்றான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா" என்றார் அக்கா. அவர் கொடுத்திருப்பார் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காளியம்மாளே சரி சொல்லியிருப்பாள்.

தீர்ப்பு மறு வருஷம் வந்தது. இராஜாங்கம் அடிபட்டு வாங்கிய பதிவு ரத்தானது. தியாகேசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்: வயலை அரசப்பனுக்கு வாரத்துக்கு விட்டார். பதிவு கிடையாது, ரசீது கிடையாது, வாய்ப்பேச்சுதான். பாதி விளைச்சல் அவருக்கு. எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். அரசப்பன் மணலை வாரிவிட்டு வரப்பை மறுபடி போட்டான். அக்கா எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்து கூலி நடவுக்குப் போகத் தொடங்கினார். தன் வயல் இருக்கும்வரை அவர் பிறத்தியார் வயலில் கூலிக்கு இறங்கியதில்லை. மகள் வேதாரண்யத்துக்குக் கூப்பிட்டாள். "உப்புல எனக்கு என்னடி வேல" என்று மறுத்துவிட்டார்.

2005-இல் தண்ணீர் தாராளமாக வந்தது. எல்லா வயலிலும் நடவு. அரசப்பன் வயலுக்கு மட்டும் ஆள் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் பேசி வைத்துக்கொண்டு மறுத்துவிட்டார்கள். வெளியூர் ஆளுக்கும் அந்த வருஷம் கிராக்கி. நாற்று முற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் அவன் அக்காவிடமே வந்தான். வாசலுக்கு வெளியே நின்று, "நாத்து முத்திப்போச்சுக்கா. நீ ஒரு வார்த்த சொன்னா வருவாங்க" என்றான்.

நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆளு வரும்" என்றார்.

மறுநாள் காலையில் பெண்களை அழைத்துக்கொண்டு அவரும் இறங்கினார். நான் என் வயலிலிருந்து பார்த்தேன். வழக்கமாக நடவில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா முதல் ஆளாக நட்டுக்கொண்டே போனார், தன் வயலில் நடுகிற அதே கவனத்தோடு. அரசப்பன் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடவு முடிந்து எல்லாரும் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு கூலிக்கு வந்து நின்றார்கள். அவன் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தான். அக்கா முன்னால் வந்ததும் அவன் கை நின்றது.

"ஒனக்குப் போயி கூலியாக்கா? அறுப்புல ஒனக்கு ரெண்டு மூட்ட நெல்லு நானே கொண்டாந்து போடுறேன்" என்றான். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் சொன்னான். அக்காவே வந்து நட்டுக் கொடுத்துவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டான் போலிருக்கிறது.

அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். இடுப்பை வளைத்துக் குனிந்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"கூலி குடுங்க, ஆண்டே" என்றார்.

எங்கள் அப்பாக்கள் மேலத்தெருக்காரர்களைக் கூப்பிட்ட சொல் அது. அப்படித்தான் துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து நின்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல் இனி எங்கள் தெருவில் யார் வாயிலும் வரக்கூடாது என்றுதான் இராஜாங்கம் அடிபட்டார். அதற்கப்புறம் வரவுமில்லை. அங்கே நின்ற பெண்களில் பாதிப்பேர் அதைக் காதால்கூடக் கேட்டதில்லை.

"அக்கா, என்னக்கா இது, நிமிருக்கா" என்று அரசப்பன் நொண்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அவன் குரல் அழுகிற குரலாகிவிட்டது. குடை கையிலிருந்து விழுந்து நட்ட நாற்றின்மேல் உருண்டது. அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூலி கைக்கு வரும்வரை நிமிரவில்லை.